இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கல்பட்டறையில் இருந்தவர்கள்: கல்தச்சர். அவருக்குக் காவி குழைத்துக் கொடுக்கும் அவர் மனைவி. படைவீரர் நல அலுவலகத்துக் கண்ணாடிக் குமாஸ்தா. நினைவுக்கல் குழுவின் தலைவி, அந்தக் காலத்து ஹெட்மிஸ்ட்ரஸ். குழு உறுப்பினர் என்ற முறையில் என் தம்பி, ரிட்டையரான பஸ் கண்டக்டர். என் மகள். நான். மொத்தம் ஏழு பேர். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று கையை விரிக்க முடியாது.

கல் என்னைவிட ஒரு முழம் உயரம். கறுப்பு. மரச்சட்டத்தில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். போரில் செத்த நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை, செத்த தேதி வரிசையில், காவியால் எழுதி வைத்திருக்கிறார் கல்தச்சர். உளி இன்னும் படவில்லை. வெட்டுவதற்கு முன்னால் குடும்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தம்பி நேற்றே சொன்னான், "வெயில்ல நீ எதுக்குக்கா அலையறே, நான்தான் கமிட்டியில இருக்கேனே" என்று. எனக்கு வெயில் ஒன்றும் புதிதில்லை. போனேன்.

நான் மூன்றாம் வகுப்பு. விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மேலே இருந்த பெயர்களை மகள் படித்துச் சொன்னாள். என் கைக்கு எட்டியதிலிருந்து நானே படித்தேன். இருபத்தாறாவது வரி பேக்கரிக்காரரின் மூத்த மகன். செவ்வாய்க்கிழமை செத்தான். இருபத்தேழாவது ஆலைக் குடியிருப்பு டீச்சரின் பிள்ளை. அந்த வார ஞாயிறு. நடுவில் வியாழன். வியாழன் என் சின்னவன்.

இல்லை.

என் படிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்ப முதலிலிருந்து நாற்பத்தொன்று வரைக்கும் போனேன். இரண்டாம் தடவையும் இல்லை.

"பாட்டி, போர்ல இறந்தவங்க பேர் மட்டும்தான் இதுல. உங்க பையன் ஃபைல்ல வாகன விபத்துன்னு இருக்கு" என்றான் குமாஸ்தா.

"லாரி மேல குண்டு விழுந்தா அதுக்குப் பேரு விபத்தா?"

"எழுதியிருக்கிறதைத்தான் நான் சொல்ல முடியும்."

ஹெட்மிஸ்ட்ரஸ், "எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டு வாங்கம்மா, பார்க்கலாம்" என்றாள். இதே அம்மாள்தான், என் மகளின் டி.சி. வாங்கப் போன அன்று என்னைப் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தவள். மழை. குடை இல்லை. நான் மறக்கவில்லை.

தம்பி வாயே திறக்கவில்லை. முன்படிக்கட்டில் நின்றுகொண்டு கடைசி சீட்டுக்காரனிடம் டிக்கெட் கேட்ட குரல் அவனுடையது. இன்றைக்கு அது எங்கே போனது?

மார்ச் 4, புதன்

எழுத்தில் வேண்டுமாம். அதற்காகத்தான் நேற்றிலிருந்து எழுதுகிறேன். பேத்தி கொடுத்த டைரி. மருந்துக் கம்பெனி போட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்று வலி மாத்திரை விளம்பரம். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "பாட்டி, இது டைரியா, எஃப்.ஐ.ஆரா?" என்று கேட்டாள். இரண்டும்தான்.

நடந்தது இது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சின்னவனுக்கு இருபத்திரண்டு வயது. ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டினான். மலைமேல் இருந்த சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொண்டு போவது வேலை. ஒரு வளைவில் எதிரியின் குண்டு விழுந்து லாரி உருண்டது. கூட உட்கார்ந்திருந்தவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு ஒரு காது போனது, உயிர் இருந்தது. அடுத்த வருஷம் என் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னான். "முதல் குண்டு முன்னால விழுந்துச்சும்மா. திருப்பிடுடான்னேன். மேல தண்ணியில்லாம கிடக்கிறாங்கடான்னு சொல்லி அழுத்தினான். ரெண்டாவது மேலயே விழுந்துச்சு."

வியாழன் காலை செத்தான். சனி சாயங்காலம் பெட்டியில் வந்தான். மூடியைத் திறந்தார்கள். இடது புருவத்துக்கு மேல் ஒரு கீறல். மற்றபடி முகம் முகமாகவே இருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

சுட்டவன் மட்டும்தான் சிப்பாயா? அவனுக்குத் தண்ணீர் கொண்டு போனவன் யார்? பால்காரனா?

மார்ச் 5, வியாழன்

இன்று தனியாகவே பட்டறைக்குப் போனேன். கல்தச்சரிடம் அவர் வேலை எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேலிருந்து வெட்ட மாட்டாராம். தூள் உதிர்ந்து கீழே எழுதிய காவி கலைந்துவிடும். கடைசி வரியில் ஆரம்பித்து மேலே மேலே போவார்.

"நடுவுல ஒரு பேரை நுழைக்கணும்னா?"

"அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் ஒவ்வொரு வரி இறங்கணும்மா. காவியா இருக்கிற வரைக்கும் ஈரத்துணி போதும், துடைச்சிட்டு எழுதிடலாம். கடைசி வரியில உளி வெச்சிட்டேன்னா முடிஞ்சுது. இறங்க இடமில்ல."

"எப்ப வைப்பீங்க?"

"திங்கக்கிழமை."

நடுவில் மூன்று நாள்.

மார்ச் 6, வெள்ளி

நல அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்டில் "பழுது" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த அட்டையே நைந்து போயிருக்கிறது. கால் போனவர்கள் வருகிற ஆபீஸ் அது. யார் தேர்ந்தெடுத்தார்களோ அந்த மாடியை.

நெட்டை பாங்கு வாட்ச்மேன் உடுப்போடு வந்தான். அரை நாள் லீவு. தன் சாட்சியை எழுதியே கொண்டு வந்திருந்தான். குமாஸ்தா படித்தான், மரியாதையாகத்தான் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இவர் சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம், பாட்டி. ஆனா விபத்துன்னு எழுதின அறிக்கையை உங்க குடும்பமே அப்ப ஏத்துக்கிட்டிருக்கே."

"எந்தக் குடும்பம்? அவர் போயி அப்பவே நாலு வருஷம். நான்தான் குடும்பம். நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

ஃபைலை என் பக்கம் திருப்பினான். "குடும்பத்தின் சார்பில் ஒப்புக்கொள்கிறேன், ஆட்சேபணை இல்லை." இதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே இருந்ததைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து, அடியில் இரண்டு புள்ளி. என் வீட்டு மின்சார மனுவில், தண்ணீர்க் குழாய் மனுவில், மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எல்லாம் இருக்கிற அதே வால், அதே இரண்டு புள்ளி.

"யாருதும்மா?" என்றான் நெட்டை.

ஃபைலை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். மூன்று மாடியும் இறங்கி வரும்வரை அவன் என் முழங்கையை விடவில்லை.

மார்ச் 7, சனி

எழுத ஒன்றுமில்லை. பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் தேய்த்தேன். தேய்த்து வைத்திருந்ததையும்.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி ஞாயிறுதோறும் மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிடுவான். இன்றும் வந்தான். போட்டேன். பசியோடு இருப்பவனிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"சின்னவன் ஃபைல்ல உன் கையெழுத்து இருக்குடா."

துண்டைத் தேடினான். தோளிலேயே இருந்தது.

"அக்கா... சேதி வந்ததுலேர்ந்து நீ பச்சைத் தண்ணி குடிக்கல. அவன் மூஞ்சியைப் பார்க்கணும், ஒரு தடவை பார்க்கணும்னு தரையில அடிச்சுக்கிட்டே. நான் விடிய விடிய பஸ் ஏறி அங்க போனேன். பகல்ல அந்த வளைவுல வண்டி போகக் கூடாதுன்னு உத்தரவு இருந்திருக்கு. மீறி அனுப்பினது அங்க இருந்த அதிகாரி. குண்டுன்னு எழுதினா அவரு பதில் சொல்லணும். விசாரணை வரும், பதினஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் உடம்பை வெச்சிருக்க முடியாது, இங்கயே புதைச்சிடுவோம்னாங்க. விபத்துன்னு ஒத்துக்கிட்டா சாயங்காலமே வண்டி கிளம்பும்னாங்க. நான் என்ன செய்ய?"

"போட்டே."

"போட்டேன்."

"நான் பார்த்தேன் அவன் மூஞ்சியை."

"பார்த்தே இல்ல?" என்றான். பிச்சை கேட்கிற மாதிரி கேட்டான்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தேன்.

"வியாழக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. இதை அங்க எழுந்து நின்னு சொல்லு."

"பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஊர் முன்னாடி சொல்லச் சொல்றியா? நான் அந்தக் கமிட்டியில உட்கார்ந்திருக்கேன்கா. அந்த லிஸ்டைப் படிச்சுக் காட்டினதே நான்தான்."

இது எனக்குத் தெரியாது. லிஸ்டைப் படித்ததே இவன். இருபத்தாறைப் படித்துவிட்டு, மூச்சு விட்டுவிட்டு, இருபத்தேழைப் படித்திருக்கிறான்.

"நீ சொன்னா நல்லது. சொல்லலேன்னா நான் எழுந்து அந்தக் கையெழுத்தைப் படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரொம்ப நேரம் ஆகும்" என்றேன்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். கூப்பிட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆறரைக்கே பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். வியாழன்வரை பொறுக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். கேட்க வாய் வரவில்லை. கல்தச்சர் உளி தீட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கும் தீட்டினார். பத்து மணிக்கும் தீட்டினார்.

அவர் மனைவி சொன்னாள். "முப்பது வருஷமா அரைமணி நேரத்துல தீட்டி முடிக்கிற மனுஷன். இன்னைக்கு என்னவோ ஒவ்வொண்ணா மோந்து பார்க்கிறாரு."

"கறுப்புக் கல்லு, லேசுப்பட்டதில்ல" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. "உளி மழுங்கலா இருந்தா எழுத்து பிஞ்சுக்கும். வியாழன்வரைக்கும் தீட்டணும்."

வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நெட்டை சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

குமாஸ்தா போன் செய்தான். நல்ல யோசனை ஒன்று வைத்திருக்கிறானாம். கல்லின் அடியில் "மற்றும் பலர்" என்று ஒரு வரி போட்டுவிடலாமாம். எல்லாருக்கும் திருப்தியாம்.

"என் பிள்ளை பலர் இல்ல சார். ஒருத்தன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகள் அழுதாள். "மாமாவைச் சபையில நிறுத்தணுமாம்மா? அவரு நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு."

செய்திருக்கிறான். இல்லையென்று யார் சொன்னது? அவள் பள்ளிக்கூடம், என் கண் ஆப்பரேஷன், இந்த வீட்டின் குழாய், விளக்கு, எல்லாம் அவன்தான். அதற்கும் இதற்கும் என்ன? அவன் செய்ததையெல்லாம் நான் மறந்ததில்லை. இதை மட்டும் ஏன் மறக்கவேண்டும்?

மார்ச் 12, வியாழன்

நூலக மாடி. நீள மேஜை. ஒன்பது நாற்காலி, பத்தாவதை எனக்குச் சுவரோரம் போட்டார்கள். தம்பி நாலு மணிக்கு வரவில்லை. நாலேகாலுக்கும் இல்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல் எத்தனை அடி, அமைச்சருக்கு எந்தச் சோபா என்று பேசினார்கள். டைரியை மடியில் திறந்து வைத்துக்கொண்டேன். படித்தால் தடுமாறக் கூடாது என்று மனசுக்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

நாலரைக்கு வந்தான். அவன் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையின் கோடியில் நின்றான்.

சொன்னான். முழுதும் சொன்னான். பஸ் ஏறிப் போனது, அதிகாரி டீ வரவழைத்துக் கொடுத்தது, பேனாவும் அவரே கொடுத்தது. குரலே எழும்பவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்தவர், "கேட்கல, கொஞ்சம் சத்தமா" என்றார். திரும்ப முதலிலிருந்து சொன்னான். "குண்டு விழுந்துதான் செத்தான்னு தெரிஞ்சே போட்டேன்" என்ற இடத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

குமாஸ்தா, "சார் சொல்றது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஃபைல் மாறணும்னா தலைமையகத்துக்கு எழுதணும். வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் ரெக்கார்டுப்படி—" என்றான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவனைக் கையமர்த்தினாள். வகுப்பில் பையன்களை அமர்த்துகிற அதே கை. "ஃபைல் உங்களோடது. கல் எங்களோடது. ஊர்க்காரங்க காசு போட்டு வாங்கின கல்லு. அதுல யாரு பேரு இருக்கணும்னு ஊர் சொல்லட்டும். ஆட்சேபணை இருக்கிறவங்க கை தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. குமாஸ்தாவும் தூக்கவில்லை. அவன் ஏதோ குறிப்பு எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

படியிறங்கும்போது அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்தாள். "உங்களை எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கும்மா." கேட்டையும் மழையையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, "ஒரே ஊர்தானே, பார்த்திருப்பீங்க" என்றேன். மழைக் கணக்கை அந்தப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

இருபத்தேழிலிருந்து நாற்பத்தொன்றுவரை ஈரத்துணியால் துடைத்தது நான். பதினைந்து பிள்ளைகள். ஒவ்வொருவரையும் துடைக்கும்போது பெயரைச் சொல்லி, "ஒரு வரி இறங்கிக்கப்பா" என்றேன். கல்தச்சர் சிரிக்கவில்லை.

பிறகு அவர் எழுதினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. சொன்னேன். "அம்மா, உங்களுக்குக் கண் ஆப்பரேஷன் செஞ்ச டாக்டர் யாரு? அவரை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். துடைத்துவிட்டு நேராக எழுதினார்.

நாற்பத்திரண்டாவது வரியில் முதல் உளி வைத்தபோது மணி மூன்று பத்து.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது மாடி. ஃபைலைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்தேன். என் சாட்சி, நெட்டை சாட்சி, தம்பி எழுதிக் கொடுத்த வாக்குமூலம், மூன்றும் சேர்த்து. குமாஸ்தா முத்திரை குத்தி ரசீது தந்தான். "வருஷக்கணக்காகும் பாட்டி" என்றான் மறுபடியும்.

"நீ ரிட்டையராக இன்னும் எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

"போதும். மாசம் ஒரு தடவை வருவேன். மொதல்ல அந்த லிஃப்டைச் சரி பண்ணச் சொல்லு."

மார்ச் 19, வியாழன்

இன்று இருபத்தேழாவது வரியை வெட்டி முடித்தார். எனக்கு ஜுரம். போகவில்லை. பேத்தி போனில் படம் பிடித்து வந்தாள். படத்தில் வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

திறப்பு விழா. பிளாஸ்டிக் நாற்காலி முந்நூறு. பாண்டு வாத்தியம். அமைச்சர் துணியை இழுத்தார், பாதியில் சிக்கிக்கொண்டது, நெட்டைதான் எக்கி எடுத்துவிட்டான். இரண்டு நிமிஷ மௌனம் என்றார்கள். நான் எண்ணினேன். எழுபத்துமூன்று வரைக்கும்தான் போனது, அமைச்சருக்கு வேறு வேலை இருந்திருக்கும். மண்ணுக்காக மகிழ்ச்சியோடு உயிரைக் கொடுத்தவர்கள் என்று பேசினார். மகிழ்ச்சியோடு யாரும் கொடுக்கவில்லை. பேக்கரிக்காரர் மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தது. என் சின்னவன் லீவில் வந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு கல்லருகே போனேன். இருபத்தேழாவது வரி என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். வெட்டு ஆழம். விரல் நுனி உள்ளே போகிறது. வெயிலில் கல் சுட்டது. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன்.

தம்பி குழுவின் நாற்காலியில் உட்காரவில்லை. எனக்கு ஓரடி பின்னால் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தான். கல்லைத் தொடட்டுமா என்று என்னைக் கேட்டான். தொடு என்றேன். தொட்டுவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமாக்கா?" என்றான்.

"வா. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துடு. ஆறிப் போயிடும்."

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். குமாஸ்தா மேல் எனக்கு இனி ஒன்றுமில்லை. அவன் ஃபைலுக்குப் பிறந்தவன், போகப் போகத் திருத்திவிடலாம். பேனாவை நீட்டிய அந்த அதிகாரி இருக்கிறானோ செத்தானோ, அவனை நான் பார்த்ததில்லை, பார்க்காதவன் மேல் கோபத்தை எங்கே கொண்டு வைப்பது? அமைச்சரை இப்போதே பாதி மறந்துவிட்டேன்.

தம்பி அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதும் சரிதான். இரண்டில் ஒன்று என்று என்னிடமே கேட்டிருந்தாலும் நான் பெயரை விட்டுவிட்டு முகத்தைத்தான் கேட்டிருப்பேன். அவன் கொண்டு வந்து காட்டினான். அதற்காக நான் சாகும்வரை அவனுக்குச் சோறு போடுவேன்.

ஆனால் முப்பத்திரண்டு வருஷமும், அந்தத் தேதி வரும்போதெல்லாம், நான் அவன் முன்னால் உட்கார்ந்து சொல்வேன். "குண்டு விழுந்து போனான்டா என் பிள்ளை, எங்கயாவது ஒரு நாள் அவன் பேரை எழுதுவாங்க பாரு." அவன் என் முகத்தைப் பார்த்து, "எழுதுவாங்கக்கா, கண்டிப்பா எழுதுவாங்க" என்பான். முப்பத்திரண்டு தடவை சொன்னான். ஒரு தடவைகூட நாக்கு தடுமாறவில்லை. நானும் நம்பிக்கொண்டு எழுந்து போய் உலை வைப்பேன்.

அந்த முப்பத்திரண்டு தடவைக்கு, நான் மன்னிக்க மாட்டாதவன் ஒருவன்தான். என் தம்பி.